நௌஷேராவின் சிங்கம் பிரிகேடியர் முஹம்மது உஸ்மான்



தலைநகர் டெல்லிக்குச் செல்லும் நம்மவர்கள் செங்கோட்டையைக் காண்கிறார்கள். ஜாமிஆ மஸ்ஜிதில் தொழுகிறார்கள். நிஜாமுத்தீன் அவ்லியா அவர்களின் தர்காவுக்கும் சென்று வருகிறார்கள். ஆயின் அங்கிருந்து சிறிது தொலைவில் ஓக்லா பகுதியிலுள்ள ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமியா பல்கலைக்கழக வளாகத்தின் அடக்கஸ்தலத்திற்குச் செல்வோர் மிகச் சிலரே. அங்கே, 36 வயது நிறைவடைய 12 நாட்களே எஞ்சியிருந்த நிலையில் தாய்நாட்டின் எல்லையில் உயிர் நீத்த ஒரு படைத்தளபதி அடங்கியிருக்கிறார். அவர்தாம் பிரிகேடியர் முஹம்மது உஸ்மான்.

2020 டிசம்பரில் அவரது கப்ரின் மீதிருந்த கல் சேதமுற்றுக் கிடந்த செய்தி நாளேடுகளில் வெளிவந்தது. பின்னர் இராணுவத்தினர் அதனைச் சீர்செய்தனர். அச்செய்தியைப் படித்த நம்மில் பலருக்கு, அங்கே அடங்கியிருப்பவர் யார் என்பதே தெரியாதிருந்தது. கல் உடைந்ததைக் காட்டிலும் இந்த அறியாமையே நம்மை வருத்தியது. படைவீரர்களின் தொண்டைப் போற்றுவது நமது கடமை எனக் கருதும் நாம், முதலில் அவர்களை அறிந்துகொள்ளல் வேண்டும் அல்லவா? அந்நோக்கத்துடனேயே அன்னாரின் வாழ்வைச் சுருக்கமாக இம்மலரில் வழங்குகின்றோம்.

பிறப்பும் இளமையும்

உஸ்மான் அவர்கள் 1912 ஜூலை 15 அன்று, அன்றைய ஐக்கிய மாகாணத்தின் ஆஸம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த பீபிபூர் எனும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று உத்தரப் பிரதேசத்தின் மவூ மாவட்டத்தில் அடங்குகிறது. தந்தையார் காஜி முஹம்மது ஃபாரூக் அவர்கள் காவல்துறை அதிகாரி. வாரணாசி நகரின் கொத்தவாலாகப் பணியாற்றியவர். மகனும் காவல்துறையிலோ அரசு நிர்வாகத்திலோ சேர்ந்து தம் வழியில் செல்வான் என்பதே தந்தையின் எதிர்பார்ப்பாக இருந்தது.

உஸ்மான் அவர்களுக்குச் சிறு வயதில் திக்குவாய் இருந்தது. பேச்சில் தடுமாற்றமுள்ள பிள்ளையை உலகம் எப்படிப் பார்க்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அப்பிள்ளையின் உள்ளத்தில் தடுமாற்றம் இருக்கவில்லை. 12 வயதில் ஒரு நாள், ஒரு கிணற்றைச் சுற்றிக் கூட்டம் கூடிநிற்பதைக் கண்டார். உள்ளே ஒரு குழந்தை விழுந்துவிட்டிருந்தது. பெரியவர்கள் என்ன செய்வதென்று கலங்கி நின்ற வேளையில் அச்சிறுவர் கிணற்றினுள் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றினார் என்று அன்னாரின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். அவரது பிற்கால வாழ்வு முழுவதும் இந்நிகழ்ச்சியின் விரிவாகவே அமைந்தது எனலாம்.

வாரணாசியில் பள்ளிக் கல்வியை முடித்த அவர் இராணுவ அதிகாரியாக வேண்டுமென விரும்பினார். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியர் ஒருவர் அதிகாரி நிலையை அடைவது அரிது. இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் மிகச் சில இடங்களே இந்தியர்க்கு ஒதுக்கப்பட்டிருந்தன. 1932இல் அவ்விடங்களுள் ஒன்று உஸ்மான் அவர்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் டேராடூனில் இந்திய இராணுவக் கழகம் தொடங்கப்பட்டதால், அக்கல்லூரியில் அதிகாரிப் பயிற்சி பெற்ற கடைசி இந்தியக் குழுவினருள் ஒருவராக அவர் அமைந்தார்.

1934 பிப்ரவரி முதல் நாள் அவர் அதிகாரியாக நியமனம் பெற்றார். டேராடூனின் முதல் அணியிலிருந்து வெளிவந்தவர்களுள் சாம் மானெக்ஷாவும் ஒருவர். இவ்விருவரின் வாழ்வும் ஒரே புள்ளியில் தொடங்கியவை. மானெக்ஷா தரைப்படையின் தலைமைத் தளபதியாகவும், 1973இல் ஃபீல்டு மார்ஷலாகவும் உயர்ந்து, 2008இல் நமது நீலகிரியின் வெலிங்டனில் மறைந்து உதகையில் அடக்கம் செய்யப்பட்டார். உஸ்மான் அவர்களுக்கு இறைவன் வகுத்த ஆயுள் அதனினும் மிகக் குறுகியது. ஆயினும் அக்குறுகிய காலத்தில் அவர் செய்து முடித்தவை குறைந்தவையல்ல.

பத்தாவது பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்த அன்னார் வடமேற்கு எல்லைப்புறத்திலும், இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலும் பணியாற்றினார். 1945 ஏப்ரலில் அந்த ரெஜிமெண்டின் 14ஆவது பட்டாலியனுக்குத் தலைமையேற்று ஓராண்டு காலம் நடத்தினார்.

பிரிவினையும் ஒரு முடிவும்

1947இல் நாடு துண்டாடப்பட்டபோது இராணுவமும் துண்டாடப்பட்டது. துப்பாக்கிகளும் வாகனங்களும் எண்ணிப் பிரிக்கப்பட்டதைப் போல ரெஜிமெண்டுகளும் பிரிக்கப்பட்டன. கூர்க்காப் படைகள் நீங்கலாகக் காலாட்படை ரெஜிமெண்டுகளுள் 15 இந்தியாவுக்கும் 8 பாகிஸ்தானுக்கும் சென்றன. உஸ்மான் அவர்கள் 12 ஆண்டுகள் தம் வீடாகக் கருதிய பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானின் பங்கில் சேர்ந்தது.

இந்தியப் பகுதியைச் சொந்த ஊராகக் கொண்ட முஸ்லிம் அதிகாரிகள் எந்நாட்டுப் படையில் தொடர்வது என்பதைத் தாமே முடிவு செய்யலாம் என விதி இருந்தது. அந்த ரெஜிமெண்டின் மூத்த முஸ்லிம் அதிகாரிகளுள் ஒருவரான உஸ்மான் அவர்கள் பாகிஸ்தானுக்கே செல்வார் என அனைவரும் எண்ணினர். ஜனாப் முஹம்மது அலீ ஜின்னாவும் லியாகத் அலீ கானும் அவரை அழைத்து வற்புறுத்தினர் என்றும், எதிர்காலத்தில் அந்நாட்டுப் படையின் தலைமைப் பதவியே காத்திருக்கிறது எனக் கூறப்பட்டது என்றும் அன்னாரின் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். அது வெற்று ஆசை வார்த்தையாக மட்டும் இருந்திருக்க வேண்டியதில்லை. மானெக்ஷாவுடன் டேராடூனின் முதல் அணியில் பயின்ற முஹம்மது மூஸா 1958இல் பாகிஸ்தான் தரைப்படையின் தலைமைத் தளபதியானார் என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

உஸ்மான் அவர்கள் மறுத்துவிட்டார். தாம் பிறந்த மண்ணிலேயே இருப்பதென முடிவு செய்தார். தம் ரெஜிமெண்டைப் பிரிந்து டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார். அவருடைய முடிவின் கனத்தை நாம் அவசரப்பட்டு எடை போட்டுவிடலாகாது. ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தொழுது, பர்மாப் போரில் தோளோடு தோள் நின்ற தோழர்கள் எல்லைக்கு அப்பால் போயினர். இப்பாலோ, மதத்தின் பெயரால் மக்கள் வெட்டுண்டு மடிந்த அந்நாட்களில், ஒரு முஸ்லிம் அதிகாரியை ஐயத்துடன் நோக்கிய கண்களும் இருந்திருக்கும். அவ்வையத்திற்கு அவர் தம் செயலால் விடையளித்தார்.

நௌஷேராக் களம்

1947 அக்டோபரில் காஷ்மீரில் ஊடுருவல் தொடங்கியது. ஜம்முப் பகுதியில் ஜங்கர் எனும் ஊர் மிக முக்கியமானது. மீர்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் சாலைகள் அங்கே கூடுகின்றன. 1947 டிசம்பர் 25 அன்று ஜங்கர் வீழ்ந்தது. அடுத்த இலக்கு நௌஷேரா என்பது யாவர்க்கும் தெரிந்ததே. அப்பகுதியைக் காத்து நின்ற 50ஆவது பாராசூட் பிரிகேடின் தலைமைப் பொறுப்பு உஸ்மான் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் பொறுப்பேற்ற வேளை சோர்வு சூழ்ந்த வேளை. வீரர்கள் மனம் தளர்ந்திருந்தனர். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வீடிழந்து வந்த ஆயிரக்கணக்கான அகதிகளால் நௌஷேரா நிரம்பி வழிந்தது. இந்நிலையில் அன்னார் ஒரு சபதம் பூண்டார். ஜங்கரை மீட்கும்வரை தாம் கட்டிலில் படுப்பதில்லை என்பதே அது. அம்மலைப் பகுதியின் கடுங்குளிரில் தளபதி வெறுந்தரையில் பாய் விரித்து உறங்கினார். பதுங்கு குழியில் படுத்திருக்கும் வீரனுக்குத் தன் தளபதியும் தன்னைப் போலவே தரையில் கிடக்கிறார் என்று தெரிந்தால், அதைவிட வேறென்ன ஊக்கவுரை வேண்டும்?

அகதிகளுக்கு உணவு பற்றாக்குறையானபோது, வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை வீரர்கள் உணவைத் தவிர்த்து, மிச்சமாகும் தானியத்தை மக்களுக்கு வழங்குமாறு அவர் ஏற்பாடு செய்தார் என்று கூறுவர். பசியின் அருமையை நோன்பினால் அறிந்த சமுதாயத்தில் பிறந்தவர் அவர் என்பதை இங்கு நாம் எண்ணிப் பார்க்கின்றோம்.

1948 ஜனவரியில் மேற்குப் பகுதிப் படைகளின் தளபதியாகப் பொறுப்பேற்ற ஜெனரல் கரியப்பா நௌஷேராவுக்கு வந்து பார்வையிட்டார். ஊரை நோக்கியிருந்த கோட் எனும் உயர்ந்த இடம் எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. அதனைத் தமக்கு ஓர் அன்பளிப்பாகப் பெற்றுத்தருமாறு அவர் உஸ்மான் அவர்களைக் கேட்டுக்கொண்டார். பிப்ரவரி முதல் நாளன்று உஸ்மான் அவர்களின் படை கோட்டைத் தாக்கிக் கைப்பற்றியது. கரியப்பாவின் செல்லப் பெயரான கிப்பர் என்பதையே அந்நடவடிக்கைக்குப் பெயராகச் சூட்டியிருந்தார்.

அடுத்த சில நாட்களிலேயே பெருஞ்சோதனை வந்தது. 1948 பிப்ரவரி 6 அன்று காலைப் பொழுதில் பல்லாயிரவர் பல திசைகளிலிருந்தும் நௌஷேராவைத் தாக்கினர். தைன்தார் எனும் முன்னணிக் காவலிடத்தில் ஒன்பது வீரர்களுக்குத் தலைமை தாங்கிய நாயக் ஜதுநாத் சிங், தம் வீரர் அனைவரும் வீழ்ந்த பின்னரும் தனியொருவராய்ப் போரிட்டு உயிர் நீத்தார். பரம் வீர் சக்ரா எனும் மிக உயர்ந்த விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு முஸ்லிம் தளபதியின் கீழ் ஒரு ராஜபுத்திர ரெஜிமெண்டு வீரர் காட்டிய தீரம் அது. அன்று மாலைக்குள் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. எதிர்த்தரப்பு பேரிழப்புடன் பின்வாங்கியது. அந்நாள் முதல் உஸ்மான் அவர்களை நௌஷேராவின் சிங்கம் என நாடே அழைக்கலாயிற்று. அவரது தலைக்கு எதிர்த்தரப்பு 50,000 ரூபாய் விலை வைத்தது.

யத்தீம்களின் அரவணைப்பு

அன்னாரின் வீரத்தைக் கூறுவோர் பலர். நாம் மற்றொன்றையும் எடுத்துக்கூற விரும்புகின்றோம். போரினால் பெற்றோரை இழந்து நௌஷேராவின் தெருக்களில் அலைந்த 6 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களை அவர் ஒன்றுசேர்த்தார். அவர்களுக்கு உணவும் உடையும் எழுத்தறிவும் ஒழுங்கும் கிடைக்கச் செய்தார். பாலர் சேனை என அக்குழுவுக்குப் பெயர். பிப்ரவரிப் போரின்போது அவர்களுள் சிலர் காவலிடங்களுக்கிடையே செய்தி கொண்டு சென்றனர். பின்னர் மூவருக்குப் பிரதமர் நேரு தங்கக் கைக்கடிகாரம் வழங்கிப் பாராட்டினார்.

சிறுவர்கள் குண்டுமழையிடையே ஓடினர் என்பதை இன்று படிக்கும்போது நம் நெஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. பிள்ளைகள் போர்க்களத்தில் இருத்தலாகாது என்பதே இன்றைய உலகின் நெறி; நாமும் அதனையே ஏற்கின்றோம். ஆனால் எவரும் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த யத்தீம்களைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்ள ஒரு படைத்தளபதி முன்வந்தார் என்பதை மறந்துவிட இயலாது.

அன்னார் திருமணம் செய்துகொள்ளவில்லை. மது அருந்தும் வழக்கமற்றவர். தம் ஊதியத்தின் பெரும் பகுதியை ஏழைப் பிள்ளைகளைப் பேணுவதற்கும் அவர்தம் படிப்புச் செலவுக்கும் வழங்கிவந்தார். விளம்பரமின்றிச் செய்யப்பட்ட இந்த ஸதக்கா, அவரது மறைவுக்குப் பின்னரே பலருக்கும் தெரியவந்தது.

சபதம் நிறைவேறியது

1948 மார்ச் 18 அன்று ஜங்கர் மீட்கப்பட்டது. 50ஆவது பாராசூட் பிரிகேடும் 19ஆவது காலாட்படைப் பிரிகேடும் இணைந்து அவ்வெற்றியை ஈட்டின. அன்றிரவு தளபதி படுப்பதற்குப் படைத் தலைமையிடத்தில் ஒரு கட்டில்கூட இல்லை என்றும், அருகிலிருந்த கிராமத்திலிருந்து ஒரு கட்டிலை இரவல் வாங்கி வந்தனர் என்றும் கூறுவர். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின்னர் அவர் கட்டிலில் உறங்கினார்.

ஆனால் அவர் ஓய்வு கொள்ளக் காலம் இடந்தரவில்லை. ஜங்கரை மீண்டும் பிடிக்க எதிர்த்தரப்பு தொடர்ந்து முயன்றது. பீரங்கிக் குண்டுகள் அன்றாடம் விழுந்தன. 1948 ஜூலை 3 அன்று மாலை, தம் அதிகாரிகளுடனான வழக்கமான ஆலோசனைக் கூட்டத்தை முடித்திருந்த வேளையில் குண்டுவீச்சு தொடங்கியது. அதனை எதிர்கொள்ள ஆணைகள் பிறப்பித்துக்கொண்டிருந்த உஸ்மான் அவர்களின் அருகே 25 பவுண்டர் பீரங்கிக் குண்டொன்று வெடித்தது. அவ்விடத்திலேயே அவரது உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் வீழ்ந்த இடத்தில் இன்று நினைவுச்சின்னம் நிற்கிறது.

1947-48 போரில் உயிர் நீத்த இந்திய அதிகாரிகளுள் மிக உயர்ந்த பதவி வகித்தவர் அவரே. உடல் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டது. அரசு மரியாதையுடன் நடைபெற்ற இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டனர். அப்போதுதான் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றிருந்த நமது தமிழகத்தின் ராஜாஜி, பிரதமர் ஜவஹர்லால் நேரு, அமைச்சர்கள், ஷேக் அப்துல்லாஹ் ஆகியோர் இறுதி மரியாதை செலுத்தினர். மஹாவீர் சக்ரா விருது மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய சகோதரர் குஃப்ரான் அவர்களும் இந்திய இராணுவத்திலேயே பணியாற்றிப் பிரிகேடியர் பதவி வரை உயர்ந்தார்.

நமது கடமை யாது?

மனைவி மக்கள் எனச் சொல்லிக்கொள்ள எவரும் இல்லாத ஒரு மனிதரின் கப்ருக்கு யார் ஸியாரத் செய்வது? யார் துஆ கேட்பது? பிள்ளையில்லாதவருக்கு நாட்டு மக்கள் யாவருமே பிள்ளைகள். அவர் அடங்கியிருக்கும் இடத்தைப் பேணும் பொறுப்பை இராணுவத்திடமும் அரசிடமும் மட்டும் விட்டுவிடாமல், அவரை நினைவில் பேணும் பொறுப்பையேனும் நாம் ஏற்க வேண்டாவா?

அதேவேளையில், மறைந்தவரைப் போற்றிவிட்டு வாழ்பவரை மறந்துவிடுதல் முறையன்று. படைவீரனைப் போற்றுதல் என்பது ஆண்டுக்கொரு முறை மாலை சூட்டுவதோடு முடிந்துவிடுவதன்று. உஸ்மான் அவர்கள் தம் வீரர்கள் தரையில் கிடக்கும்போது தாமும் தரையில் கிடந்தார். மக்கள் பசித்திருக்கையில் தம் படையின் உணவைப் பகிர்ந்தார். போர் விட்டுச்சென்ற யத்தீம்களை அரவணைத்தார். அவரைப் போற்றும் முறையையும் அவரிடமிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம்.

எனவே ஜமாஅத்தார்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். தத்தம் தெருவில் முப்படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோரும், படைவீரர்களின் விதவையரும் இருக்கின்றார்களா என அறிந்துகொள்ளுங்கள். வயது முதிர்ந்த விதவைத் தாய்மார்கள் பலருக்குக் குடும்ப ஓய்வூதியத்திற்கான தாள்களை நிரப்பவோ, ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளிக்கவோ துணையிராது. மாவட்டத் தலைநகரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அவர்களை அழைத்துச் செல்ல நமது இளைஞர்கள் ஒருநாள் ஒதுக்கினால் போதும். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடி நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று திரட்டப்படும் நிதி படைவீரர் குடும்பங்களின் நலனுக்கே செலவிடப்படுகிறது. நம் பிள்ளைகள் உண்டியலோடு வரும்போது சில்லறையைத் தேடாமல் மனமுவந்து வழங்குவோம். சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் நமது மதரஸாவில் கொடியேற்ற அரசியல் பிரமுகரைத் தேடி அலைவதைவிட, நம் மஹல்லாவின் ஓர் எளிய முன்னாள் சிப்பாயை அழைத்துக் கொடியேற்றச் செய்வோம். அவர் தம் பதக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அணிந்து வரும்போது, நம் பிள்ளைகள் அதன் கதையைக் கேட்கட்டும்.

டெல்லி செல்லும் வாய்ப்புப் பெறுவோர் ஓக்லாவுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அந்தக் கப்ரின் அருகே நின்று ஒரு ஃபாத்திஹா ஓதி வாருங்கள்.

பேச்சில் திக்கிய ஒரு சிறுவர், நாடே தடுமாறிய வேளையில் தடுமாறாது நின்றார். வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, அவரது தொண்டை ஏற்று, மேலான சுவனபதியை வழங்குவானாக! அவரைப் போன்று இந்நாட்டின் எல்லைகளில் உழைத்த, உழைக்கின்ற அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.